வெளுக்கும் மெஷினும் உள்ளபடியாரின் வலக் கன்னமும்

வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதிலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, சாதாரண வாடிக்கையாளரைப் போல நடித்துக் கடைகளுக்குள் நுழைந்து தில்லுமுல்லுகளைக் கண்டுபிடிக்கும் வேலையை அரசாங்கம் கொடுத்திருந்தது. இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவரை இறைச்சிக் கடையில் நிறுத்தியது போன்ற நியமனம் அது.

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தில் அவர் மூத்த பரிசோதகர். நான் அவருக்குக் கீழே தொழில்நுட்ப உதவியாளர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் உள்ளபடியார். "உள்ளபடி சொன்னால்" என்று தொடங்காமல் அவருக்கு வசனம் வராது. அதற்குப் பிறகு வருவது உண்மையிலேயே உள்ளபடிதான் இருக்கும் என்பதுதான் ஊரின் பயம். ஒருமுறை எங்கள் மேலதிகாரி ஆண்டு விழாவில் பேசிவிட்டு வந்து, "என்ர பேச்சு எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்.

"உள்ளபடி சொன்னால், சேர், நீங்கள் முடிக்கேக்கை எல்லாரும் சந்தோசப்பட்டவை."

அவருடைய மனைவி, கறி எப்படி என்று கேட்பதைக் கல்யாணமான முதல் கிழமையோடு நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

ஆள் மெலிந்தவர், ஐம்பதைக் கடந்தவர், மாநிறம். தார் உருகும் வெயிலிலும் நீளக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டார். அழகுசாதனப் பொருட்களும் அழகு நிலையங்களும் எங்கள் பிரிவின் பொறுப்பு. முகத்தை வெளுப்பாக்கும் கிறீம்களில் பாதரசம் இருக்கிறதா, டப்பாவில் செய்தவர் பெயர் இருக்கிறதா, விளம்பரத்தில் சொன்னதைத்தான் செய்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கூடாத கிறீமை எந்தக் கடைக்காரரும் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி வைக்க மாட்டார். மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் இருக்கும். யாரோ ஒருவர் வாங்குகிறவராகப் போனால்தான் வெளியே வரும்.

எங்கள் பக்கத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வன்னியில் "யாரோ ஒருவர்" என்று ஒருவர் இருக்க முடியாது. சவர்க்காரம் வாங்கப் போனாலும், "நீங்கள் எவடம்? ஆற்ற ஆக்கள்?" என்று கேட்ட பிறகுதான் சவர்க்காரம் வரும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லோரும் எல்லோரையும் எங்கேயோ ஒருமுறை கண்டிருக்கிறார்கள். அந்த "எங்கேயோ"வைக் கண்டுபிடிக்காமல் மிச்சக் காசு தர மாட்டார்கள். மற்றப் பரிசோதகர்கள் இதற்கென்றே ஒரு ஊரையும் ஒரு மாமாவையும் கற்பனையில் தயாராக வைத்திருப்பார்கள். உள்ளபடியாரிடம் கற்பனை மாமா கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சந்தைக்கு அருகே இருந்த ஒரு ஃபான்சிக் கடைக்கு அவரோடு போனேன்.

"நல்ல வெளுப்புக் கிறீம் இருக்கோ, தம்பி?"

"ஆருக்கு ஐயா? வீட்டுக்காரிக்கோ?"

"இல்லை."

"மகளுக்கோ?"

"எனக்கு மகள் இல்லை."

"அப்ப உங்களுக்கோ?" கடைக்காரர் சிரித்தார்.

"உள்ளபடி சொன்னால், ஒருத்தரும் பூசப் போறேல்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப."

லாச்சி மூடப்பட்ட சத்தம் தெருவின் அந்தப் பக்கம்வரை கேட்டது.

திரும்பி வரும்போது நான் அவருக்கு நிதானமாக விளக்கினேன். பொய் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், கை காட்டலாம், தலையாட்டலாம். அவர் அதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தார். மௌனம் பொய்யில் சேராது என்று தீர்மானித்தபின் வேறொரு கடைக்குப் புறப்பட்டோம். நான் வாசலில் வளையல் பார்ப்பதுபோல் நின்றேன். அது எனக்கு நன்றாக வரும்.

உள்ளபடியார் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். கடைக்காரர், "என்ன வேணும் ஐயா?" என்றார். இவர் மறுபடியும் கன்னத்தைத் தொட்டார். அந்த நல்ல மனிதர் ஒரு கணத்தில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார்: பாவம், வாய் பேசாத ஆள், காதும் கேட்காதாக்கும். உடனே முழுப் பலத்தோடு கத்தத் தொடங்கினார்.

"ஐயா! இது லேபிள் இருக்கிற சாமான்! சரிவராது! இது லேபிள் இல்லாதது! உள்ளுக்க ஒளிச்சு வைச்சிருக்கிறன்! ஒரு கிழமையில வெளுக்கும்!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. பஸ்சுக்கு நின்றவர்கள் இரண்டு பேர் வந்து தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். டப்பா கைக்கு வந்ததும் உள்ளபடியார் அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "உள்ளபடி சொன்னால், நான் பரிசோதகர்" என்றார்.

"ஐயோ! ஐயாவுக்குப் பேச்சு வந்திட்டுது!" என்று கடைக்காரர் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகுதான் அட்டையைப் படித்தார்.

இப்படிப்பட்ட மனிதரின் கைக்குத்தான் அந்த மெஷின் விவகாரம் வந்து சேர்ந்தது.

ஒரு சிகிச்சை நிலையத்துத் தாதி தொலைபேசியில் சொன்ன செய்தி அது. அக்கராயன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி தோள் இரண்டும் கொப்பளித்து மருந்து கட்ட வந்திருக்கிறாள். பார்த்தால் நாள் முழுக்க வெயிலில் கிடந்தவளின் தோல். ஆனால் அவள் முன்பள்ளி ஆசிரியை. வேலை முழுக்கக் கூரைக்குக் கீழே. கேட்டால், "லைட் ட்ரீட்மென்ட் எடுக்கிறன்" என்கிறாள். எங்கே என்று துருவியதில் டவுனில் இருக்கும் ஒரு அழகு நிலையத்தைச் சொன்னாளாம்.

அந்த நிலையத்தை நடத்தியவர் ஜெயா அக்கா. மணப்பெண் அலங்காரத்தில் கெட்டிக்காரி. அவர் கொண்டை போட்டால் தாலி கட்டி, விருந்து முடிந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு மயிர் அசையாது. நாங்கள் உள்ளே போனதும் வழக்கமான கேள்வி வந்தது.

"வாங்கோ, வாங்கோ. நீங்கள் எவடம்?"

நான் வாயைத் திறக்குமுன், "உள்ளபடி சொன்னால் தங்கச்சி, உங்கட மெஷினைப் பார்க்க வந்தனாங்கள்" என்றார் உள்ளபடியார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். ஜெயா அக்காவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் அதைத்தான் பார்க்க வருகினம். பளையில இருந்தெல்லாம் வருகினம். உள்ளுக்க வாங்கோ. மகளுக்கோ?" என்று என்னைப் பார்த்தார். உள்ளபடியார், "இவ மகள் இல்லை, என்னோட வேலை செய்யிறவ" என்றார். அதையும் ஜெயா அக்கா பொருட்படுத்தவில்லை. உண்மை இவ்வளவு நல்ல வேடமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

திரைக்குப் பின்னால் அது கிடந்தது. பாண் வாட்டும் டோஸ்டரை ஆள் உயரத்துக்குச் செய்தால் எப்படி இருக்கும், அப்படி. கீழே ஒரு கண்ணாடிப் படுக்கை, மேலே ஒரு கண்ணாடி மூடி, இரண்டுக்குள்ளும் வரிசையாக நீலக் குழாய் விளக்குகள். பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு தகடு. நான் கைத்தொலைபேசியைத் தகட்டுக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்தேன். "பழுப்பாக்கும் படுக்கை" என்று வந்தது.

"அக்கா, இது தோலைக் கறுப்பாக்கிற மெஷின்."

"சும்மா போங்கோ தங்கச்சி" என்று சிரித்தார் ஜெயா அக்கா. "என்ர தம்பி சுவிஸில இருக்கிறான். அவன் கூட்டித் துடைச்ச கடையொண்டு பூட்டேக்கை இதைச் சும்மா குடுத்தவங்கள். கொண்டெய்னரில போட்டு அனுப்பினவன். அங்க வெள்ளையள் வரிசையில நிண்டு இதுக்குள்ள படுக்கிறதை அவன் கண்ணால கண்டவன். நீங்களே யோசியுங்கோ. அதுகள் பிறகு எப்பிடி வெள்ளையானதுகள்?"

உள்ளபடியார் உண்மையாகவே யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"ஆனா படுத்த பிள்ளையள் கறுத்தெல்லோ இருக்கினம்?" என்றேன்.

"அதுதான் ட்ரீட்மென்ட். உள்ளுக்க இருக்கிற கறுப்பு முதல்ல வெளியில வரும். பிறகு தோலோட உரிஞ்சு விழும். இப்ப எல்லாருக்கும் உரியத் தொடங்கியிட்டுது. நடுவில விட்டால்தான் பிழை. வெளியில வந்த கறுப்பு அப்பிடியே நிண்டிடும்."

அவர் ஏமாற்றவில்லை. அதுதான் சிக்கலே. மனதார நம்பிச் சொன்னார்.

அலுவலகத்துக்கு வந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். தோலைக் கறுப்பாக்கும் படுக்கைகளைப் பற்றி ஒரு வரிகூட எங்கள் கண்ணில் படவில்லை. இருக்கவும் நியாயமில்லை. காசு கொடுத்துக் கறுக்க இந்த நாட்டில் யார் போகப் போகிறார்கள்? சூரியன் அந்தச் சேவையை இலவசமாகவே செய்கிறது.

வழிகளைத் தாளில் எழுதிக்கொண்டேன். முதலாவது, மின்சாரப் பாதுகாப்பு. போய்ப் பார்த்தால் ஜெயா அக்காவின் வயரிங் எங்கள் அலுவலகத்து வயரிங்கைவிடத் திறமாக இருந்தது. இரண்டாவது, வியாபார அனுமதி. அதைக் கவனிக்கும் நண்பர் ஒருவர் நெடுநேரம் ஆராய்ந்து, "ஆள் வந்து படுக்கிறதெண்டால் அது தங்குமிடத்தில சேரும். தலையணை குடுக்கினமோ எண்டு பாருங்கோ" என்றார். உள்ளபடியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தலையணை இல்லை என்று அறிக்கை கொடுத்தார். மூன்றாவதுதான் உருப்படியானது: வெளுக்கும் என்று சொல்லி வெளுக்காத ஒன்றை விற்பது குற்றம். ஆனால் கைத்தொலைபேசி மொழிபெயர்த்ததை வைத்துக்கொண்டு சீல் வைக்க மேலதிகாரி விடவில்லை. "படுத்த ஆள் ஒராள் முறைப்பாடு தரவேணும். ஒரு கையெழுத்துப் போதும்" என்றார்.

படுத்த ஆட்களில் எங்களுக்குத் தெரிந்தவள் அந்த முன்பள்ளி ஆசிரியைதான். மோட்டார் சைக்கிளில் அக்கராயனுக்குப் போனோம்.

அவள் பெயர் தாரணி. கழுத்துவரை மூடிய சட்டை போட்டிருந்தாள். நெற்றியும் மூக்கும் சிவந்து, கன்னங்களில் தோல் சிறு சிறு செதிலாக எழும்பியிருந்தது. கதிரையில் சாயாமல் விளிம்பில் இருந்தாள். முதுகு பட்டால் எரியும் போல. கனடாவிலிருந்து மாப்பிள்ளை வரப்போகிறார். இவள் போட்டோவைப் பார்த்து அங்கே யாரோ ஒரு பெரியம்மா, "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு" என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெரியம்மாவின் சொல் கடல் தாண்டி அக்கராயனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் தாரணியின் அம்மா எழும்பி நின்றார். "அரசாங்கம் என்னத்துக்கு என்ர பிள்ளையின்ர நிறத்தில கை வைக்குது? வீட்டுத்திட்டம் கேட்டு எத்தினை தரம் நடந்தனாங்கள், அதுக்கு வரேல்லை. இதுக்கு வாறியள்."

உள்ளபடியார், "உள்ளபடி சொன்னால், நீங்கள் கேக்கிறது சரி" என்றார். அம்மா கொஞ்சம் திகைத்து மறுபடியும் உட்கார்ந்தார்.

நான் தாரணிக்கு விளக்கினேன். புற ஊதாக் கதிர் என்றால் என்ன, தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எப்படிக் கறுக்கிறது, கொப்பளம் எதனால் வருகிறது, தொடர்ந்து போனால் பின்னாளில் என்னென்ன நோய் வரலாம், நிறுத்தினால் நிறம் எப்படி மெல்ல மெல்லத் திரும்பும். வரிசையாக, தெளிவாகத்தான் சொன்னேன். அவள், சோறு சமைக்கும் புதிய மெஷினோடு வரும் விளக்கப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுவியள் அக்கா. உங்களுக்கென்ன, நீங்கள் வெள்ளை. நான் இப்ப விட்டு, இப்பிடியே நிண்டிட்டால்? கலியாணத்தண்டு இந்த முகத்தோடயோ நிக்கிறது? நாளைக்கும் எனக்கு ட்ரீட்மென்ட் இருக்கு. நான் போகத்தான் போறன்." பிறகு உள்ளபடியாரின் பக்கம் திரும்பினாள். இவர் பொய் சொல்லாத ஆள் என்ற செய்தி அந்த ஊருக்கும் எப்படியோ போயிருந்தது. "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. நிப்பாட்டினால் என்ர நிறம் திரும்பி வருமோ?"

ஒரு சொல்தான் தேவை. "ஓம்." அவ்வளவுதான். அவள் நாளைக்குப் போக மாட்டாள். தோள் ஆறும். கையெழுத்தும் கிடைக்கும். நான் அவரையே பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். கோழி ஒன்றும் வாசலில் நின்று பார்த்தது.

"தெரியாது, பிள்ளை" என்றார் உள்ளபடியார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த மிஸ் படிச்சவ. அவ சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா நீங்கள் என்னட்டையெல்லோ கேக்கிறியள். நான் அதுக்குள்ள படுத்துப் பார்க்கேல்லை. பார்க்காததை எப்பிடிச் சொல்லுறது?" கொஞ்ச நேரம் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒண்டு செய்வம். நான் படுத்துப் பார்க்கிறன். கறுத்தால், நிப்பாட்டிப் போட்டு இருப்பன். திரும்பி வருதோ எண்டு உங்களுக்கு வந்து காட்டுறன். அதுவரைக்கும் நீங்கள் போகாதேங்கோ. எனக்கு வெளுத்தால், நீங்கள் போங்கோ, நான் தடுக்க மாட்டன்."

தாரணி அம்மாவைப் பார்த்தாள். "கலியாணத்துக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே அம்மா" என்றாள். பிறகு, "சரி ஐயா. ஆனா உண்மையா எனக்குக் காட்டவேணும்" என்றாள். அப்படியொரு நிபந்தனையை அந்த மனிதருக்கு விதித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

வழி நெடுகிலும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்துகொண்டு சண்டை பிடிப்பது கடினம். பாதிச் சொற்களைக் காற்று கொண்டுபோகும்.

"சேர், அது தோலுக்குக் கூடாது!"

"அதாலதான் மிஸ் அந்தப் பிள்ளை போகக் கூடாதெண்டுறன்."

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ன?"

"சொல்லியிருக்கலாம். ஆனா நான் சொன்னதெண்டு நம்பித்தானே அது நிப்பாட்டும்?" என்றார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை என்று கத்தினேன்.

ஜெயா அக்காவிடம் போய், "நான் வெளுக்க வரேல்லை. என்ன நடக்குது எண்டு பார்க்க வந்தனான்" என்று உள்ளபடி சொன்னார். பெண்களுக்கான நிலையம் என்றாலும் ஜெயா அக்கா மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஓர் அரசாங்க உத்தியோகத்தர் வெளுத்து வெளியே வந்தால் அதைவிட விளம்பரம் உண்டா? கடை பூட்டிய நாளொன்றில், தன் கணவரைக் காவல் வைத்து, மெஷினைத் திறந்து கொடுத்தார்.

நான் திட்டவட்டமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன்: வலது கை மட்டும், முழங்கைக்குக் கீழே மட்டும், கொஞ்ச நேரம் மட்டும், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவரும் கைச்சட்டையை மடித்துவிட்டுக் கையை மட்டும்தான் உள்ளே வைத்திருக்கிறார். ஆனால் கையை முழுதாக வைப்பதென்றால் பக்கவாட்டில் சரிந்து தலையையும் விளிம்பில் சாய்க்க வேண்டும். தலையணை இல்லாத மெஷின். சாய்ந்த மனிதர் கதகதப்பில் அயர்ந்துவிட்டார். காவலுக்கு இருந்த கணவரும் அயர்ந்துவிட்டார்.

அடுத்த நாள் அலுவலகத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இடப்பக்கமிருந்து பார்த்தால் நம்முடைய உள்ளபடியார். வலப்பக்கமிருந்து பார்த்தால், வாழ்நாள் முழுக்கத் துணுக்காயில் வயல் செய்த அவருடைய தமையன். வலக்கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்புக் கண்ணாடி காத்த ஒரு வட்டம். தேநீர்க் கடைக்காரர் வலப்பக்கமாகக் கண்டு, "அண்ணை, எங்கட பரிசோதகர் ஐயா இண்டைக்கு லீவோ?" என்று அவரிடமே கேட்டாராம். மேலதிகாரி, "என்ன நடந்தது?" என்று கேட்டார். அதன்பின் உள்ளபடி கேட்க அவருக்கு ஒரு மணித்தியாலம் தேவைப்பட்டது. எரிச்சலுக்குக் கற்றாழையை வெட்டிக் கன்னத்தில் பூசிக்கொண்டு, வந்து மொய்த்த இலையான்களை விரட்டியபடி மனிதர் கோப்புகள் பார்த்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கராயன் பயணம். போய், முற்றத்து வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு, கன்னத்தைக் காட்டிக்கொண்டு இருப்பார். தாரணி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் நின்று சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

"போன கிழமையிலும் பார்க்கக் குறைஞ்சிருக்கு, என்ன அம்மா?"

"எனக்கெண்டால் அப்பிடியே கிடக்கிற மாதிரித்தான் இருக்கு."

"உள்ளபடி சொன்னால், அப்பிடியேதான் கிடக்கு" என்பார் கன்னத்துக்குச் சொந்தக்காரர்.

முதலில் வெறும் தேநீர் கொடுத்த அம்மா, பிறகு பலகாரம் கொடுத்தார். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு மறித்தார். கறி எப்படி என்று கேட்டுவிட்டு, உப்புக் கூடிவிட்டது என்று அறிந்துகொண்டார். அப்போதும் மறித்தார்.

மாப்பிள்ளை வரும் நாள் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வழக்கம்போல் கன்னம் காட்டப்பட்டது. கையில் நிறம் ஓரளவு தெளிந்திருந்தது. கன்னத்தில் இல்லை. முகமெல்லாம் இன்னும் இரண்டு நிறமாகத்தான் இருந்தது.

"நான் உண்மையாக் காட்டுறன் எண்டு சொன்னனான், பிள்ளை" என்றார் உள்ளபடியார் மெல்லிய குரலில். "எனக்குத் திரும்பி வரேல்லை."

அம்மா தலையில் கை வைத்தார். "ஐயோ, ஐயாவுக்குக் கறுப்பு நிண்டிட்டுது! ஜெயா சொன்னது சரியாப் போச்சு!"

இவ்வளவு தூரம் வந்து, இந்த மனிதரின் வாயாலேயே தாரணியை மறுபடி மெஷினுக்கு அனுப்பப் போகிறோமா? வயது ஏற ஏறத் தோல் மெதுவாகத்தான் ஆறும் என்று தொடங்கி நான்கு காரணங்கள் சொல்ல வாயெடுத்தேன். அதற்கிடையில் அவரே தாரணியை உற்றுப் பார்த்துக்கொண்டு, "ஆனா பிள்ளை, உங்களுக்கு வந்திட்டுதே?" என்றார்.

எல்லோரும் இத்தனை கிழமையும் அவருடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளை யாருமே பார்க்கவில்லை. தாரணி உள்ளே போய்க் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். சிவப்பு இல்லை, செதில் இல்லை. சட்டைக் கையை மேலே இழுத்து, தோளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய பழைய நிறம்தான். கனடாப் பெரியம்மா குறைவு என்று சொன்ன அதே நிறம். அவள் அதைப் பார்த்த பார்வை, தொலைந்த சங்கிலி கிணற்றடியில் கிடக்கக் கண்டவளின் பார்வை.

பிறகு கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு உள்ளபடியாரின் வலக் கன்னத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

"அந்தப் பேப்பரைத் தாங்கோ அக்கா" என்றாள் என்னிடம். "எனக்காக இல்லை. ஐயாவின்ர முகத்துக்காக."

முறைப்பாட்டில் தன் கொப்பளங்களைப் பற்றி ஒரு வரி எழுதினாள். உள்ளபடியாரின் கன்னத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாள்.

அவளைப் போகாமல் நிறுத்தி வைத்தால் அவளுக்கே தானாக மாறிவிடும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டாரா என்று திரும்பும் வழியில் கேட்டேன். "உள்ளபடி சொன்னால், இல்லை மிஸ். அது எனக்கு மூளையில ஓடேல்லை" என்றார்.

சீல் வைக்கப் போன அன்று ஜெயா அக்கா எங்களுக்கு முன்னால் தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். "இவையளுக்குச் சொல்லு. அங்க வெள்ளையள் என்னத்துக்கு இதுக்குள்ள படுக்கிறது?"

"கறுக்கத்தான் அக்கா" என்றது கைத்தொலைபேசி.

"என்ன?"

"வெள்ளையள் கறுக்கத்தான் படுக்கிறது. உனக்குத் தெரியாதோ? நீ பார்லர் வைச்சிருக்கிறாய், உனக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

ஜெயா அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "கறுக்கவோ? காசு குடுத்தோ? அதுகளுக்கென்ன விசரோ?" என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சீல் வைத்து முடிய அவரே எழும்பி, படுத்த பிள்ளைகள் எல்லோரையும் அழைத்து உண்மையைச் சொல்வதாகச் சொன்னார், சொன்னபடி செய்தார். தாரணியின் கல்யாணத்துக்குக் கொண்டையும் அவர்தான் போட்டார். அது அசையவில்லை.

கல்யாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மேடையில் வாழ்த்தப் போனபோது, சபை முழுக்கப் பார்த்திருக்க, தாரணி உள்ளபடியாரிடம், "ஐயா, நான் எப்பிடி இருக்கிறன்?" என்று கேட்டுவிட்டாள். ஜெயா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். கனடாப் பெரியம்மாகூட எட்டிப் பார்த்தார்.

உள்ளபடியார் அவசரப்படாமல் பார்த்தார். "பவுடர் கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். "மற்றபடி, உள்ளபடி சொன்னால், இண்டைக்கு இந்த மண்டபத்தில உங்களிலும் பார்க்க வடிவான ஆள் ஒருத்தரும் இல்லை. நான் சுத்திப் பார்த்திட்டுத்தான் சொல்லுறன்."

மாப்பிள்ளை சத்தமாகச் சிரித்தார். தாரணி அவருடைய கைலேஞ்சியை வாங்கிக் கன்னத்துப் பவுடரை அந்த இடத்திலேயே துடைத்தாள்.

இப்போது உள்ளபடியாருக்குத் துணுக்காய்ப் பக்கம் மாற்றம் கிடைத்துவிட்டது. மாதாந்தக் கூட்டத்துக்கு மட்டும் எங்கள் அலுவலகத்துக்கு வருவார். வலக் கன்னம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. இனித் தெளியாது என்றுதான் நினைக்கிறேன். கூட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாலும், அவருக்கு வலப்பக்கத்துக் கதிரையை நான் யாருக்கும் விடுவதில்லை.